மாணிக்கவேலின் மேப்பிடி

எங்கள் கல்லூரியில் பொருளை உடைப்பதற்காகச் சம்பளம் வாங்கியவர் மாணிக்கவேல் ஒருவர்தான். மற்றவர்கள் எல்லாரும் சும்மாவே உடைத்தார்கள். பதினெட்டு வருஷமாக அங்கே ஸ்டோர் கீப்பராக இருப்பவள் நான். யார் எதை உடைத்தார்கள், எதை வீட்டுக்குக் கொண்டுபோனார்கள் என்பதெல்லாம் முதல்வரைவிட எனக்கு நன்றாகத் தெரியும். என் வாய்க்குப் பயந்து பாதிப்பேர் ஸ்டோர் பக்கமே தலைகாட்ட மாட்டார்கள். மாணிக்கவேல் மட்டும் தினமும் வருவார்.

சிவில் பிரிவின் கான்கிரீட் ஆய்வகத்தில் அவர் உதவியாளர். பெயர்தான் உதவியாளர். சிமெண்ட் மூட்டை தூக்குவது, ஜல்லி சலிப்பது, கலப்பது, அச்சில் வார்ப்பது, தொட்டித் தண்ணீரில் இருபத்தெட்டு நாள் ஊறப்போடுவது, எடுத்து அடித்து உடைப்பது, உடைந்ததைப் பின்பக்கம் கொட்டுவது எல்லாம் அவர் வேலை. மாணவர்கள் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள். பட்டம் அவர்களுக்கு, இடுப்புவலி இவருக்கு.

அவருக்கு வயது ஐம்பத்திரண்டு. தாமலில் இருந்து சைக்கிளில் வந்துகொண்டிருந்தவர், பிறகு ஒரு பழைய டிவிஎஸ்ஸில் வந்தார். பத்தாவது பெயில். இருந்த நிலம் அண்ணன் தம்பி நான்கு பேருக்குப் பிரிந்ததில் இவர் பங்கில் மாடு கட்ட இடம் மிஞ்சியது. ஒரே மகளை அரக்கோணத்தில் கட்டிக்கொடுத்துவிட்டு, மனைவி ஜெயம்மாளும் அவரும் மட்டும் இருந்தார்கள். இரண்டு காதிலும் பஞ்சு வைத்துக்கொண்டு சுத்தியல் அடித்தும் இடது காது பாதி போய்விட்டது. நான் திட்டும்போது அந்தக் காதைத்தான் என் பக்கம் காட்டுவார்.

அந்தச் சுத்தியல் சோதனையைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது விளங்காது. ஆறு அங்குல அகலம், இரண்டரை அங்குலக் கனத்தில் வட்டமாகக் கான்கிரீட் வார்ப்பார்கள். வில்லை என்போம். அதை இரும்புத் தட்டில் வைத்து, நடுவில் ஓர் இரும்பு உருண்டையை வைத்து, நாலரைக் கிலோ சுத்தியலை ஒன்றரை அடி உயரம் தூக்கி உருண்டையின்மேல் விட வேண்டும். எத்தனையாவது அடியில் முதல் விரிசல் தெரிகிறது, எத்தனையாவது அடியில் வில்லை பிளக்கிறது என்று எண்ண வேண்டும். அவ்வளவுதான். வெறும் கான்கிரீட் இருபது அடிக்குள் போய்விடும்.

எண்ணுவதில் மாணிக்கவேலுக்கு ஒரு வழக்கம். அவருடைய அப்பா அப்பாதுரை தாமலில் நெல் அளந்தவர். களத்தில் மரக்காலால் அளக்கும்போது ஒன்று என்று சொல்ல மாட்டார்கள். முதல் மரக்காலுக்கு ‘லாபம்’ என்பார்கள், அப்புறம்தான் ரெண்டு, மூணு. இவரும் முதல் அடி விழுந்ததும் ‘லாபம்’ என்று சத்தமாகச் சொல்லித்தான் தொடங்குவார். உடைப்பதில் என்ன லாபம் கண்டீர்கள் என்று நான் கேட்காத நாளில்லை. சிரிப்பாரே தவிர மாற்றிக்கொள்ள மாட்டார்.

அப்பாவிடமிருந்து இன்னொன்றும் வந்திருந்தது. கூலி நெல் அளந்து முடித்ததும் கணக்கில் சேராமல் மேலே ஒரு பிடி அள்ளிப் போடுவாராம் அப்பாதுரை. அதற்கு மேப்பிடி என்று பெயர். அளந்ததில் எங்காவது குறைந்திருந்தால் வாங்குகிறவர் வயிறு எரியக் கூடாது என்பதற்காக. என் தாத்தா மாகறலில் கூலி நெல்லுக்குத் துண்டு விரித்து நின்றவர். அந்தக் களத்தில் மரக்காலைத் தலைதட்டி அளந்தவர்கள் உண்டு, மேலே ஒரு மணி போட்டவர் கிடையாது என்று என் அப்பா சொல்லியிருக்கிறார். அதனால் மாணிக்கவேல் மேப்பிடியைப் பற்றிச் சொன்ன அன்று அவர்மேல் எனக்கு ஒரு மரியாதை வந்தது. அதை அவரிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

அவர் கையும் அப்படியே இருந்தது. டீயில் சர்க்கரை போட்டுக் கலக்கிய பிறகு மேலே ஒரு சிட்டிகை. உலைக்கு அரிசி அளந்த பிறகு மேலே ஒரு பிடி. ரெண்டு பேருக்கு மூணு பேர் சோறு ஆவுது என்று ஜெயம்மாள் தலையில் அடித்துக்கொள்வார். யோசித்துச் செய்கிற காரியமில்லை அது. கை தானாகப் போகும்.

பிரவீனா ஆராய்ச்சிக்கு வந்து சேர்ந்தது ஐந்து வருஷத்துக்கு முன்னால். ஆற்காட்டுப் பக்கத்துப் பெண், நல்ல உழைப்பாளி. கான்கிரீட்டில் இரண்டு விதமான இழைகளைக் கலந்தால் எவ்வளவு அடி தாங்கும் என்பது அவளுடைய ஆராய்ச்சி. எங்கள் ஊரில் இழை என்றால் பட்டுதான். இழை இருப்பு எவ்வளவு என்று அவள் எழுதிக் கொடுத்த சீட்டைப் பார்த்துவிட்டு, ஆடிட்டர் என்னிடம் காலேஜில் தறி போட்டிருக்கிறீர்களா என்று கேட்டார். இவளுடைய இழையில் ஒன்று இரும்பு. ஸ்டேப்ளர் பின்னை நிமிர்த்தி இரண்டு முனையிலும் கொக்கி வைத்தது மாதிரி இருக்கும். இன்னொன்று வெள்ளைப் பிளாஸ்டிக், நரைமுடியைத் துண்டு துண்டாக வெட்டிப் போட்டது போல.

“சின்ன விரிசலை பிளாஸ்டிக் புடிச்சிக்கும் ஆன்ட்டி, பெரிய விரிசலை ஸ்டீல் புடிச்சிக்கும். ரெண்டும் சேர்ந்தா லேசுல உடையாது” என்று எனக்குப் பாடம் எடுத்தாள்.

இந்த இழைகளை மொத்தமாகக் கொட்டினால் சிக்குப் பிடித்து உருண்டை உருண்டையாகிவிடும். கலவை சுழலச் சுழல மாவு சலிக்கிற மாதிரி தூவ வேண்டும். மாணிக்கவேலைப் போல அதைச் செய்ய ஆளில்லை. பிரவீனா மின்தராசில் கிராம் சுத்தமாக நிறுத்து இரண்டு கிண்ணத்தில் வைத்துவிட்டு நோட்டில் எழுதப் போவாள். இவர் தூவுவார். கிண்ணம் காலியானதும் கை பக்கத்தில் திறந்திருக்கும் மூட்டைக்குள் போகும். இரும்பில் ஒரு பிடி, வெள்ளையில் ஒரு பிடி.

நான் அதைப் பார்த்தேன். பார்க்காமலே இருந்திருந்தாலும் தெரிந்திருக்கும், ஏனென்றால் மூட்டை கணக்குக்கு முன்னாலேயே தீர்ந்தது.

“வீட்டுக்கு எடுத்துக்கினு போய் கொழம்புல போடுறீங்களாணா?” என்று கேட்டேன்.

“மேப்பிடிம்மா” என்று சிரித்தார்.

நானும் சிரித்துவிட்டு இன்னொரு மூட்டையை எடுத்துக் கொடுத்தேன்.

மூன்று வருஷம் வில்லைகள் வார்த்தார்கள், உடைத்தார்கள். இழை நிறையப் போட்ட கலவை நூற்று நாற்பது அடி தாங்கியது. அது எதிர்பார்த்ததுதான். அதில் கால் பங்கு இழை போட்ட கலவை நூற்றுப் பன்னிரண்டு தாங்கியது. அதை யாரும் எதிர்பார்க்கவில்லை. பிரவீனா குதித்தாள். அவளுடைய வழிகாட்டி தனசேகரன் சார் இனிப்பு வாங்கிக் கொடுத்தார். குறைந்த இழையில், கம்பியே கட்டாமல், மலிவாக வலுவான ஸ்லாப் செய்யலாம் என்று எழுதினார்கள். மழைநீர்க் கால்வாய்க்கு மூடி தேடிக்கொண்டிருந்த அலுவலகம் ஒன்று கேள்விப்பட்டு வந்தது. மூடி நூறு அடியாவது தாங்க வேண்டும் என்று கேட்டார்கள். நூறைத் தாண்டியதில் விலை குறைந்தது எது என்று பார்த்தார்கள். கால் பங்குக் கலவை என்று முடிவானது.

செவிலிமேட்டில் பஸ் நிற்கும் சாலையில் அந்த ஸ்லாப்களைப் போட்டார்கள். மாணிக்கவேல் ஜெயம்மாளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். நான் செவிலிமேட்டில்தான் குடியிருக்கிறேன். இருவரும் என் வீட்டுக்கு வந்து காபி சாப்பிட்டார்கள். தாமல் களத்தில் நெல் அளந்தவர் மகன் எங்கள் வீட்டில் உட்கார்ந்து காபி குடித்ததை என் அப்பா இருந்திருந்தால் பார்த்துக்கொண்டே இருந்திருப்பார்.

“நான் கலக்குனதும்மா இது. ரோட்டுல கெடக்குது பாரு” என்றார். அவ்வளவு பெருமையை அவர் முகத்தில் அதற்குமுன் நான் கண்டதில்லை.

எட்டு மாதம் கழித்து ஒரு ஸ்லாப் உடைந்தது. சிலிண்டர் வண்டிக்காரர்கள் தினமும் அந்த இடத்தில்தான் சிலிண்டர்களைத் தடால் தடாலென்று இறக்குவார்கள். அடி தாங்கத்தானே அந்த ஸ்லாப்பைப் போட்டது. அன்று காலை ஜவுளிக்கடை வேலைக்குப் போகிற கலாவதி என்ற பெண் பஸ்ஸைப் பார்த்துவிட்டு ஓடிவந்து அதன்மேல் கால் வைத்தாள். ஸ்லாப் இரண்டாகப் பிளந்து, பாதி அவள் கால்மேலேயே விழுந்தது. வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

உடைந்த துண்டைத் தனசேகரன் சார் ஆய்வகத்துக்கு எடுத்துவரச் சொன்னார். செய்து கொடுத்த கம்பெனி இழையைத் திருடியிருக்கும் என்பது அவர் சந்தேகம். மாணிக்கவேல் துண்டைப் புரட்டி உடைந்த முகத்தை வெளிச்சத்தில் பார்த்தார்.

“நம்ம வில்லை ஒடைஞ்சா மொகம் பூரா பின்னு நீட்டிக்கினு நிக்கும் சார். இதுல அங்கொண்ணு இங்கொண்ணு தான் இருக்குது.”

“அதான் சொல்றேன். திருட்டுப் பசங்க” என்றார் சார்.

துண்டைப் பொடியாக்கி, காந்தம் வைத்து இரும்பையெல்லாம் பொறுக்கி நிறுத்துப் பார்த்தார்கள். திருட்டு இல்லை. பிரவீனா எழுதிக் கொடுத்த அளவு எவ்வளவோ அவ்வளவு சரியாக இருந்தது. சாருக்கு ஒன்றும் புரியவில்லை. மாணிக்கவேல் தராசைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு என்னிடம் வந்து, அந்த இரும்பு இழை மூட்டையைக் கொடு என்று வாங்கிக்கொண்டு போனார்.

நான் பின்னாலேயே போனேன். அவர் மூட்டைக்குள் கையை விட்டு ஒரு பிடி எடுத்துத் தராசில் போட்டார். நூற்று நாற்பத்தெட்டு கிராம். கொட்டிவிட்டு இன்னொரு பிடி. நூற்று ஐம்பத்தொன்று. பத்து தடவை எடுத்தார். ஐந்து கிராமுக்குமேல் வித்தியாசம் வரவில்லை. நெல் அளந்தவர் மகனுடைய கை.

“கால் பங்குக் கலவையில மூணு வில்லைக்கு முந்நூறு கிராம் தாம்மா போடணும்” என்றார். “அதுக்கு மேல என் பிடி நூத்தி அம்பது. நெறையப் போட்ட கலவையில அது ஒண்ணுமே இல்ல. கொறச்சப் போட்டதுல பாதிக்குப் பாதி ஏறிப்போச்சி. அந்தக் கலவை நூறு தாங்கல லில்லிம்மா. என் கை தான் தாங்குச்சி.”

அவருக்கு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார வைத்தேன்.

அன்று மத்தியானமே தனசேகரன் சாரிடம் போய்ச் சொன்னார். நானும் கூடப் போனேன். சார் கெட்ட மனிதர் இல்லை, பயந்த மனிதர். கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

“ஒரு கைப்பிடியில என்ன வந்துடப் போகுது மாணிக்கவேல்? அந்தப் பொண்ணுக்குக் கால் போனதுல நீங்க மனசைப் போட்டுக் குழப்பிக்கிறீங்க.”

“தராசுல வச்சிப் பாத்துட்டேன் சார். மீதி ஸ்லாப்பை எடுக்கச் சொல்லுங்க சார். நூத்தி எம்பது ஸ்லாப்பு கெடக்குது.”

“யார் எடுப்பாங்க? எதுக்குன்னு எழுதறது? பிரவீனாவோட மூணு வருஷ உழைப்பு. அதையும் யோசிங்க. வெளியில எங்கயும் இதைப் பேச வேணாம்.”

மாணிக்கவேல் பேசினார். கம்பெனிக்காரரிடம் போய்ச் சொன்னார். நீங்கள் கொடுத்த அளவுக்குத்தான் செய்தோம், எங்களை விட்டுவிடுங்கள் என்றார். அலுவலகத்தில் போய்ச் சொன்னார். எழுதிக் கொண்டுவரச் சொன்னார்கள். எழுதிக் கொண்டுபோனால் காலேஜ் லெட்டர்ஹெட்டில் கொண்டுவரச் சொன்னார்கள். கடைசியில் வேலை முடிந்ததும் தினமும் செவிலிமேட்டுக்கு வந்து சாலையோரம் நின்றுகொண்டு, போகிற வருகிறவர்களிடம் “அதுமேல கால வெக்காதம்மா, ரோட்டுல எறங்கி நட” என்று சொல்ல ஆரம்பித்தார். ரோட்டில் இறங்கினால் லாரி. பெண்கள் அவரைக் குடிகாரர் என்று நினைத்து ஒதுங்கிப் போனார்கள். ஒதுங்கியவர்கள் ஸ்லாப்மேல்தான் போனார்கள். இரண்டு நாள் நான் போய்க் கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிவந்தேன். மூன்றாம் நாள் எனக்கே அவமானமாக இருந்தது, போகவில்லை.

இப்படி நான்கு மாதம். மனிதர் பாதியாகிவிட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜெயம்மாள் எனக்குப் போன் செய்தார்.

“சோறு தின்ன மாட்டேன்றாரும்மா. கேட்டா, அந்தப் பொண்ணு ஒத்தக் கால்ல எப்பிடி சமைக்கும்ன்றாரு. எந்நேரமும் ஏரிக்கரையிலயே போய் ஒக்காந்துக்கினு இருக்காரு. தண்ணி ரொம்பிக் கெடக்குது. எனக்கு பயமா இருக்குது. நீ சொன்னா கேப்பாரு, எதுனா சொல்லும்மா.”

எதைச் சொல்வது? உங்கள் மேல் தப்பில்லை என்று நானே பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டேன். நான் பொய் சொல்வது அவருக்குத் தெரிந்துவிடும்.

அந்த வாரம் ஒரு நல்லது நடந்தது. கலாவதியின் புருஷன் வழக்குப் போட்டதில், அதே கலவையில் அதே ஆய்வகத்தில் அதே ஆளை வைத்து அதிகாரிகள் முன்னால் மறுபடி வில்லை வார்த்துச் சோதிக்கச் சொல்லி உத்தரவு வந்தது. மாணிக்கவேல் ஸ்டோருக்கு ஓடிவந்தார். கண்ணில் பழைய வெளிச்சம் கொஞ்சம் இருந்தது.

“இப்ப பாரும்மா. வில்லை அம்பது அடியில பொளந்துக்கும். அப்ப எல்லாரும் நம்பித்தான ஆவணும்? அத்தினி ஸ்லாப்பையும் எடுத்துருவாங்க. நீ பக்கத்துல நில்லு.”

வார்க்கிற அன்று இரண்டு அதிகாரிகள் வந்தார்கள். தனசேகரன் சார் ஒரு மூலையில் வேர்த்துக்கொண்டு நின்றார். மூட்டை சீல் பிரித்துக் கொடுத்தவள் நான். பிரவீனா நிறுத்தாள், அதிகாரி தராசைக் குனிந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டார். பிறகு அவருக்கு வேலை இல்லை. நாற்காலியில் சாய்ந்து டீ குடித்தார். மாணிக்கவேல் தூவ ஆரம்பித்தார். இடது கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வலது கையால் மட்டும், மூச்சைப் பிடித்துக்கொண்டு தூவினார். கிண்ணம் முடியப் போகிற நேரத்தில் அந்த அதிகாரி சும்மா இருக்க மாட்டாமல் கேட்டார்.

“எந்த ஊருப்பா நீ?”

“தாமலுங்க சார்.”

“அட, தாமலா? ஏரி ரொம்பிச்சா இந்த வருஷம்?”

“ரொம்பி கலங்கல்ல வழிஞ்சி போவுது சார். பத்து நாளா போவுது. மேலண்ட கரையில நின்னு பாத்தா கண்ணு கொள்ளாது சார்” என்றார் மாணிக்கவேல். தாமல் ஏரியைப் பற்றி யாராவது கேட்டால் அவருக்கு உலகம் மறந்துபோகும். பேசிக்கொண்டே காலிக் கிண்ணத்தை வலது கையால் தள்ளி வைத்தார். பேசிக்கொண்டே கை மூட்டைக்குள் போனது. இரும்பில் ஒரு பிடி. வெள்ளையில் ஒரு பிடி. தூவி முடித்துவிட்டுக் கையைத் தட்டினார்.

அதிகாரி அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொருவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிரவீனா பார்த்தாளா என்று எனக்குத் தெரியாது, நான் கேட்கவுமில்லை. நான் பார்த்தேன். என் வாய் திறந்தது. இந்த ஊரில் யாருக்கும் பயப்படாத வாய்.

திறந்த வாயை மூடிக்கொண்டேன். காரணத்தை மறைக்கப் போவதில்லை. வில்லை உடையாமல் நின்றால் இந்த மனிதர் தன்மேல் தப்பில்லை என்று நம்புவார், நம்பினால் சாப்பிடுவார், ஏரிக்கரைக்குப் போக மாட்டார் என்று அந்த ஒரு நொடியில் தோன்றியது. நூற்றெண்பது ஸ்லாப் அப்போது என் கண்ணில் இல்லை. ஜெயம்மாளின் குரல்தான் காதில் இருந்தது. பொருள் கொடுத்ததற்கும் கூட நின்றதற்கும் சாட்சி என்று போட்டிருந்த இடத்தில் கையெழுத்துப் போட்டேன். கலந்தவர் என்ற இடத்தில் மாணிக்கவேல் போட்டார்.

இருபத்தெட்டு நாள் வில்லைகள் தொட்டியில் கிடந்தன. தினமும் ஸ்டோருக்கு வந்து நாளை எண்ணிச் சொல்வார். நான் சொல்லியிருக்க இருபத்தெட்டு வாய்ப்பு இருந்தது.

சோதனை அன்று கூட்டம் அதிகம். சுத்தியலைத் தூக்கி விட்டார். “லாபம்” என்றார். அதிகாரிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இருபது, முப்பது போனது. ஐம்பதில் நிறுத்தி, குனிந்து வில்லையைத் தடவிப் பார்த்தார். விரிசல் இல்லை. அறுபதில் மறுபடி குனிந்தார். எழுபதில் அவர் குரல் மாறியது. எண்பதுக்குமேல் எண்ணுவது பாதி எனக்குக் கேட்கவில்லை. தொண்ணூற்றாறில் முதல் விரிசல். வில்லை பிளந்தபோது நூற்றுப் பதினாலு. மற்ற இரண்டும் ஏறக்குறைய அப்படியே. தனசேகரன் சார் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டார். மாணிக்கவேல் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதார்.

“என் பிடி இல்லாமலே தாங்குதும்மா” என்றார் என்னிடம். “நான் தான் அஞ்சு மாசமா பைத்தியம் மாதிரி ஒளறிக்கினு இருந்துருக்கேன். என் மேல தப்பில்லம்மா.”

“அதான் நான் அப்பவே சொன்னேனே” என்றேன்.

அதற்குப் பிறகு அவர் நன்றாகத்தான் இருந்தார். சோறு கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார் என்று ஜெயம்மாள் எனக்குப் போனில் நன்றி சொன்னார். அறிக்கை திருப்திகரம் என்று வந்தது. கலாவதிக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. இன்னும் மூன்று தெருவுக்கு அதே ஸ்லாப் போடச் சொன்னார்கள். ஒருமுறை சொல்லிவிடுவது என்று முடிவு செய்து தாமலுக்கே போனேன். அவர் எனக்கு மீன் வாங்கி வந்தார், உலைக்கு அரிசி அளந்தார், மேலே ஒரு பிடி போட்டார். சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன்.

ஆவணி மாதம் ஒரு காலையில் தண்ணீர் கேன் போடுகிற தர்மன் என்பவர் வண்டியில் நான்கு கேனோடு புதுத் தெருவில் ஸ்லாப்மேல் ஏறினார். ஸ்லாப் உள்ளே போனது. கால்வாய் விளிம்பில் தலை அடித்து அங்கேயே இறந்துவிட்டார். முப்பத்தாறு வயது.

மாணிக்கவேல் ஸ்டோருக்கு வந்தார். அழவில்லை, கத்தவில்லை. ஒரு கணக்கு விளங்காதவர் கேட்கிற மாதிரி கேட்டார்.

“என் மேல தப்பில்லன்னு ஆயிடுச்சில்லம்மா? அப்ப ஏம்மா ஒடைஞ்சிது?”

சொன்னேன். அதிகாரி ஏரியைப் பற்றிக் கேட்டதிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தன் வலது கையை விரித்துப் பார்க்கவில்லை, என்னைத் திட்டவில்லை. நல்ல காதை என் பக்கம் திருப்பிக்கொண்டு கடைசிவரை கேட்டார். பிறகு, “வா, போய் எழுதிக் குடுத்துரலாம்” என்றார்.

இருவரும் அலுவலகத்துக்குப் போனோம். நடந்ததை எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தோம். அங்கே இருந்தவர் பழைய அறிக்கையைத் தேடி எடுத்து மேஜைமேல் வைத்தார். அதிலும் எங்கள் இருவர் கையெழுத்துத்தான் இருந்தது.

“இதுல சரின்னு போட்டிருக்கீங்க. அதுல தப்புன்னு போடுறீங்க. எதைம்மா நான் எடுத்துக்கறது?” என்று கேட்டார். நியாயமான கேள்விதான். மனுவை வாங்கி வைத்துக்கொண்டு ரசீது கொடுத்தார். இன்றுவரை ஒரு ஸ்லாப்பும் எடுக்கப்படவில்லை.

டவுன் பஸ்ஸில் திரும்பினோம். செவிலிமேட்டில் நான் இறங்க வேண்டும். அவர் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தார். வழியெல்லாம் அவர் ஏதாவது சொல்வார், திட்டுவார் என்று காத்துக்கொண்டிருந்தேன். என் நிறுத்தம் வந்து நான் எழுந்தபோதுதான் பேசினார்.

“நீ அன்னிக்கே சொல்லியிருக்கலாமேம்மா. அதைக் கொட்டிட்டு இன்னொரு வாட்டி கலக்கியிருப்பேனே. அன்னிக்கே கலக்கியிருப்பேனே.”

அடுத்த நாள் அவர் வேலைக்கு வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. மூன்றாம் நாள் ஜெயம்மாளிடமிருந்து போன் வந்தது. நான் எடுப்பதற்குள் நின்றுவிட்டது. ஜெயம்மாள் முன்பு சொன்ன ஏரிக்கரைதான் நினைவுக்கு வந்தது. திரும்பக் கூப்பிட எனக்கு வெகுநேரம் கை வரவில்லை.